கத்தரி யார் கையில்?

(திருமங்கலத்தில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இன்று நான் பேச வந்திருப்பது முடிவெட்டுவதைப் பற்றி. ஒரு கத்தரி, ஒரு சீப்பு, ஒரு மெஷின், இரண்டு கண்ணாடி, இவ்வளவை வைத்துக்கொண்டு நம் முடியை வீட்டிலேயே நாமே வெட்டிக்கொள்வதைப் பற்றி. நூல்களையும் வரலாற்றையும் பேசுகிற மேடையில் இதற்கென்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். இந்த நாட்டின் இரண்டு பெருந்தலைவர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒருவர் அண்ணல் அம்பேத்கர், இன்னொருவர் காந்தியடிகள். இருவரும் தாங்கள் பட்டதை எழுதினார்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சாத்தாராவில் ஓர் அக்கா

அம்பேத்கர் தமக்கு நேர்ந்த சில அவமானங்களை ஒரு சிறு நூலாக எழுதி வைத்திருந்தார். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று தமிழில் சொல்லலாம். 1930களின் நடுவில் எழுதியது. அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, 1990இல்தான் தனி நூலாக வெளிவந்தது. சிறு வயதில் அவர் குடும்பம் மகாராஷ்டிரத்தின் சாத்தாராவில் இருந்தது. அப்பா ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர். கூலி கொடுக்க வழியில்லாத குடும்பம் கிடையாது. ஊரில் சலவைத் தொழிலாளருக்கும் பஞ்சமில்லை, நாவிதருக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் அவர்கள் துணியைத் துவைக்க ஒரு சலவைத் தொழிலாளியும், அந்தப் பிள்ளைகளின் தலையைத் தொட ஒரு நாவிதரும் முன்வரவில்லை. அவர்கள் மகர் சாதியில் பிறந்தவர்கள், அது ஒன்றே காரணம்.

அப்படியானால் முடி வெட்டியது யார்? வீட்டிலிருந்த மூத்த அக்கா. தம்பிமார் தலையில் வெட்டி வெட்டியே அவர் கை தேர்ந்துவிட்டது என்று அம்பேத்கர் குறிப்பிடுகிறார். அந்த அக்காவுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. பின்னாளில் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்து, அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவுக்குத் தலைவராக அமர்ந்த மனிதரின் தலைக்குச் சின்ன வயதில் கத்தரி பிடித்தவர், பள்ளிக்கூடத்துப் பாடம் எதிலும் பெயர் வராத ஒரு பெண். வீட்டில் முடிவெட்டுவதன் வரலாற்றை யாராவது எழுதினால் முதல் பக்கம் அவருக்குத்தான் சேர வேண்டும்.

பிரிட்டோரியாவில் ஒரு கண்ணாடி

அடுத்தது காந்தி. நம் மதுரை மேலமாசி வீதியில் 1921 செப்டம்பர் 22 அன்று அரையாடைக்கு மாறிய காந்தி, அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் தென்னாப்பிரிக்காவில் கோட்டும் டையும் அணிந்த வக்கீல். பிரிட்டோரியா நகரில் ஒருநாள் முடி வெட்டிக்கொள்ள ஓர் ஆங்கிலேயரின் கடைக்குப் போனார். கடைக்காரர் ஏளனமாக மறுத்துவிட்டார். மனம் நொந்துபோனாலும் காந்தி அங்கே நின்று சண்டை போடவில்லை. நேரே போய் முடிவெட்டும் கைமெஷின் ஒன்றை வாங்கினார். கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஓரளவு சரியாக வந்தது, பின்பக்கம் பாழாய்ப் போனது. நீதிமன்றத்தில் நண்பர்கள் அதைப் பார்த்து, தலையை எலி கடித்ததா என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இந்தச் சம்பவத்தைத் தம் சத்திய சோதனையில் எழுதும் காந்தி, அடுத்ததாகச் சொல்வதுதான் எனக்கு முக்கியம். அந்தக் கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை என்கிறார். கறுப்பர்களுக்கு வெட்டினால் அவருடைய வெள்ளைக்கார வாடிக்கை போய்விடும். நம் ஊரில் நம் நாவிதர்கள் தீண்டத்தகாதவர் என்று நாம் ஒதுக்கியவர்களுக்கு முடி வெட்ட நாம் விட்டோமா? அதன் பலனைத்தான் இங்கே நான் அனுபவிக்கிறேன் என்ற நினைப்பு, தம்மைக் கோபத்திலிருந்து காப்பாற்றியது என்கிறார். தனக்கு அநியாயம் நடந்த இடத்தில் நின்றுகொண்டு, தன் ஊர் செய்கிற அநியாயத்தை எண்ணிப் பார்த்தது பெரிய காரியம்.

அவர் கற்ற தொழில் வீண் போகவில்லை. 1908 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க் சிறைக்குப் போனபோது சிறை அதிகாரியிடம் மெஷினும் கத்தரியும் கேட்டு வாங்கினார். அவரும் பி.கே. நாயுடு என்ற சத்தியாகிரகியும் நாள்தோறும் இரண்டு மணி நேரம் சக கைதிகளுக்கு முடி வெட்டினார்கள். அதில் இன்ன சாதி, இன்ன மொழி என்ற பேச்சு வரவில்லை.

இரண்டு தலைவர்களுக்கும் நேர்ந்தது ஒன்றுதான். கடை மறுத்தது, வீடு கற்றுக்கொண்டது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. காந்தியை மறுத்தது அயல்நாட்டில் ஓர் அந்நியர். அம்பேத்கரை மறுத்தது அவருடைய சொந்த மண்.

கோவில் கதவும் சலூன் கதவும்

சாத்தாராவும் பிரிட்டோரியாவும் தூரத்தில் இருக்கின்றன. நம் ஊருக்கு வருவோம். மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று காந்தியவாதி வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை உள்ளே விடப்படாத தாழ்த்தப்பட்டோரும் நாடார் ஒருவரும் நுழைந்தார்கள். கர்ப்பக்கிரகத்துக்கு எதிரே போய் நின்று கும்பிட முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகும் பல கிராமங்களில் சலூன் நாற்காலியில் உட்கார முடியவில்லை. சாமிக்கு முன்னால் நிற்க அனுமதித்த ஊர், கண்ணாடிக்கு முன்னால் உட்கார அனுமதிக்கவில்லை.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், கடைகளில் யாரையும் தடுக்கக் கூடாது என்ற பிரிவு விவாதத்துக்கு வந்தது. கடை என்ற சொல்லுக்கு எல்லை எது என்று கேட்டார்கள். சேவை தருகிற எவரும் அதில் அடக்கம் என்று அம்பேத்கர் பதில் சொன்னார். அந்தப் பிரிவு இன்று அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவில் இருக்கிறது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. இப்போது அதற்குக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர். கடை என்பதற்கு விளக்கம் சொல்லும் இடத்திலேயே சலவைக் கடையையும் முடிதிருத்தும் கடையையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். சாத்தாராவில் அந்த வீட்டுச் சகோதரிகள் செய்த இரண்டு வேலைகளும், துணி துவைப்பதும் முடி வெட்டுவதும், ஒரே வரியில் சட்டமாகி நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கும்.

சட்டம் வந்ததோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. 2024இல்கூட தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பட்டியல் சாதி இளைஞருக்கு முடி வெட்ட மறுத்ததாக வழக்குப் பதிவாகி, கடைக்காரர்கள் கைதானார்கள். நம் பக்கத்திலும் சொந்த ஊரில் வெட்டிக்கொள்ளாமல் பஸ் ஏறித் திருமங்கலத்துக்கோ மதுரைக்கோ வந்து வெட்டிக்கொண்டு போன தலைமுறையை நீங்கள் அறிவீர்கள். டவுனில் யாரும் சாதி கேட்பதில்லை என்பதற்காகவே அந்தப் பயணம்.

இந்த இடத்தில் காந்தி சொன்னதை மறந்துவிடக் கூடாது. கத்தரி பிடித்தவர் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் நல்லவர்களாகிவிட முடியாது. கிராமத்து நாவிதர் யார்? அறுவடைக் களத்தில் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வருஷம் முழுக்க ஊருக்கு உழைத்தவர். அவர் வைத்தியமும் பார்த்தார். அவர் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார்த்தி முடி இறக்கும்போது வெற்றிலை பாக்கு, வேட்டி துண்டு, தட்சிணை எல்லாம் தட்டில் வைத்து அவருக்குக் கொடுத்தோம். அதே விசேஷத்தில் பந்தியில் அவருக்கு இலை கடைசியில்தான் விழுந்தது. அவர் குடியிருந்த இடமும் பிழைப்பும் ஊர்ப் பெரியவர்கள் கையில். “அந்தத் தெருக்காரனுக்கு வெட்டின கத்தரியை எங்க தலையில வைக்காதே” என்று ஒரு வார்த்தை வந்தால் அவர் அடுப்பு அணைந்துவிடும். மறுத்தது அவர் வாய், மறுக்க வைத்தது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள்.

வீட்டுக்குள் விழுந்த முடி

ஆக, சிக்கலின் வேர் எங்கே இருக்கிறது? முடியில் தீட்டு இருக்கிறது, அதைத் தொடுகிற கையில் தீட்டு ஒட்டிக்கொள்கிறது என்ற எண்ணத்தில் இருக்கிறது. வீட்டுக்குள் முடி வெட்டினால் தரித்திரம் என்றார்கள். கொல்லைப்புறத்திலோ மரத்தடியிலோ உட்கார்ந்து வெட்டிக்கொண்டு, எதையும் தொடாமல் பின்வாசல் வழியாகப் போய்த் தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். செவ்வாய் கூடாது, வெள்ளி கூடாது. இன்றும் நம் ஊர்ப்பக்கம் சலூன்களுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறைதான்.

2020 மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு வந்தது. சலூன்கள் மூடின. தமிழ்நாட்டில் கிராமப்புறச் சலூன்கள் மறுபடி திறக்க மே 19 ஆகிவிட்டது. ஏறத்தாழ இரண்டு மாதம். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். இரண்டு மாதத்தில் காதை மூடிவிட்டது. சித்திரை வெயிலில் பிடரி புழுங்கியது. அப்போது நடந்ததை எல்லோரும் பார்த்தோம். நடுக்கூடத்தில் பழைய பேப்பரை விரித்து, அப்பா பிள்ளைக்கு வெட்டினார், மனைவி கணவருக்கு வெட்டினார், அண்ணனும் தம்பியும் மாறி மாறி வெட்டிக்கொண்டார்கள். செவ்வாயும் பார்க்கவில்லை, வெள்ளியும் பார்க்கவில்லை. பெருக்கி எடுத்துக் குப்பையில் போட்டார்கள். ஒரு வீட்டிலும் லட்சுமி வெளியே போகவில்லை. பல தலைமுறைப் பயம் இரண்டே மாதத்தில் பொய்யாகிப் போனது.

என் கருத்தை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவெட்டுவது எந்தக் கையும் கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு வேலை. அதை ஒவ்வொருவரும் கொஞ்சமாவது கற்றுக்கொள்ள வேண்டும். ஊர் மறுத்ததால் கற்றுக்கொள்ள வேண்டி வந்தால் அது அவமானம். நாமாக விரும்பிக் கற்றால், அந்த அவமானத்துக்குக் காரணமான எண்ணம் நம் வீட்டுக்குள்ளேயே செத்துப்போகும். பிறர் தலையில் கை வைத்து வெட்டிப் பழகியவருக்கு, அந்த வேலையைச் செய்கிறவரைக் கீழாகப் பார்க்க மனம் வராது.

எப்படிச் செய்வது?

பேச்சோடு நிற்காமல் செய்முறையையும் சொல்கிறேன்.

கத்தரி முடிவெட்டுவதற்கென்றே செய்த கத்தரியாக இருக்கட்டும். துணி வெட்டுவதும் பேப்பர் வெட்டுவதும் முடியைக் கடித்து இழுக்கும். மெஷினோடு 3, 6, 9, 12 மில்லிமீட்டர் என்று மாட்டும் சீப்புகள் வரும். ஒவ்வொரு முறையும் பற்களில் ஒன்றிரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள், நெடுநாள் உழைக்கும். தலைக்குக் குளித்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு, முடி காய்ந்த பிறகு உட்காருங்கள். ஈரமாக இருக்கும்போது முடி நீண்டு நிற்கும். அந்த அளவைப் பார்த்து வெட்டினால் காய்ந்ததும் ஏறிவிடும்.

சுவர்க் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கைக்கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்தால் பிடரி தெரியும். முதலில் மெஷினை எடுக்காதீர்கள். வெறும் விரலால் பிடரியில் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்குக் கோடு இழுத்துப் பாருங்கள். விரல் நினைத்த இடத்துக்குப் போகாது. கண்ணும் கையும் ஒத்துவந்த பிறகு தொடங்குங்கள்.

எப்போதும் பெரிய சீப்பில் ஆரம்பியுங்கள். 12ஐ மாட்டிக்கொண்டு, முடி வளர்ந்த திசைக்கு எதிராகக் கீழிருந்து மேலே கொண்டுபோங்கள். நெற்றிப்பொட்டுக்குச் சற்று மேலே தலை வளையத் தொடங்கும். அந்த இடத்தில் தலையின் வளைவோடு போகாமல் மெஷினை வெளிப்பக்கமாக எடுத்துவிட வேண்டும். வளைவோடு போனால் உச்சி முடியும் சேர்ந்து போய்விடும். பிறகு 9ஐ மாட்டிப் பாதி உயரம், 6ஐ மாட்டிக் காதோரமும் பிடரியும். இரண்டு அளவும் சேருமிடத்தில் கோடு தெரிந்தால், சீப்பின் மேல் முடியை எடுத்து, சீப்புக்கு வெளியே நிற்பதை மட்டும் கத்தரியால் தட்டுங்கள். உச்சி முடியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, விரலுக்கு மேலே இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். கத்தரியைக் குறுக்கே வைக்காமல் நுனியை நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் படிக்கட்டு விழாது. சுழி இருக்கும் இடத்தை ஒட்ட வெட்டாதீர்கள், முடி குத்திட்டு நிற்கும். கிருதாவைக் காதை வைத்து அளக்க வேண்டாம். பலருக்கு இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருக்காது. இரண்டு ஆள்காட்டி விரலையும் இருபுறமும் வைத்து நேருக்கு நேர் கண்ணாடியில் பாருங்கள்.

பிளேடை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும், மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி பரவ. தலையில் படர்தாமரை இருப்பவருக்குப் பயன்படுத்திய சீப்பையும் மெஷினையும் நன்றாகத் துடைத்து ஸ்பிரிட் போட்டுச் சுத்தம் செய்யாமல் அடுத்தவருக்கு எடுக்காதீர்கள்.

காந்திக்குப் பாழான பின்பக்கம் நமக்கும் பாழாகும். அதற்கு இன்னொரு கை வேண்டும். வீட்டிலுள்ளவரைக் கூப்பிடுங்கள். பிடரியில் இடது கை விரலைக் கோடாக வைத்து, அதற்குக் கீழே இருப்பதை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். படுக்கையில் கிடக்கும் தாத்தாவை, ஆட்டோவில் ஏற்ற முடியாத பாட்டியை, கடையின் சத்தத்துக்கு மிரளும் குழந்தையைச் சலூனுக்குக் கூட்டிப்போக முடியாது. அவர்கள் தலையைச் சுத்தமாக வைத்திருக்க வீட்டில் ஒரு கை தேர்ந்திருந்தால், அதைவிட நல்ல பணிவிடை வேறில்லை.

தொழிலாளியின் பிழைப்பு

எல்லோரும் வீட்டிலேயே வெட்டிக்கொண்டால் சலூன்காரர் எங்கே போவார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கிருந்து ராஜபாளையம் சாலையில் போனால் வருகிற டி. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தவர் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா. ஒன்றைக் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு, அதன் பின்னால் இருக்கும் உழைப்பாளியின் வாழ்வுக்கும் பொறுப்பு உண்டு என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர். அவர் நடந்த வட்டாரத்தில் நின்றுகொண்டு, சலூனுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஊரடங்கில் வீட்டில் வெட்டிப் பார்த்தவர்கள் சலூன் திறந்ததும் வரிசையில் போய் நின்றார்கள். இரண்டு அளவையும் கோடு தெரியாமல் இணைப்பது எவ்வளவு கடினம் என்று அவர்கள் கைக்குத் தெரிந்துவிட்டது. அரை மணி நேரத்தில் அதைச் செய்து முடிப்பவரின் அருமையும் தெரிந்தது. கற்றுக்கொண்டவர் கூலியில் பேரம் பேச மாட்டார். மாதாமாதம் சலூனுக்குப் போய்க்கொண்டே, நடுவில் காதோரத்தையும் பிடரியையும் வீட்டில் சரிசெய்துகொள்ளலாம்.

இந்தத் தொழிலுக்கு மரியாதை கூடிவருகிறது. தூத்துக்குடியில் பொன் மாரியப்பன் தம் சலூனுக்குள் நூலகமே வைத்து, காத்திருப்பவர் கையில் புத்தகம் கொடுத்தார். 2020இல் பிரதமரே வானொலியில் அவரோடு பேசினார். 2021இல் அறநிலையத் துறைக் கோவில்களில் மொட்டைக்குக் கட்டணம் நீக்கப்பட்டபோது, முடி இறக்கும் தொழிலாளர்களுக்கு மாதம் ₹5,000 ஊக்கத்தொகை அறிவித்தார்கள். முடிதிருத்துவோருக்கென்று தனி நல வாரியமும் இருக்கிறது. இங்கே வந்திருக்கும் சலூன் அண்ணன்மார் பதிவு செய்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளின் படிப்புக்கு அது உதவும்.

மூன்று வேண்டுகோள்

முடிக்கும் முன் மூன்று வேண்டுகோள்.

முதலாவது, ஒரு கத்தரியும் சீப்பும் வாங்கிக் கற்றுக்கொள்ளுங்கள். ஆண் பெண் வேறுபாடு வேண்டாம். சாத்தாராவில் கற்றவர் ஒரு பெண்தான்.

இரண்டாவது, உங்கள் வீட்டுத் தலையோடு நிறுத்தாதீர்கள். முதியோர் இல்லம், மனநலக் காப்பகம், அடுத்த தெருவில் கேட்பாரற்றுக் கிடக்கும் பெரியவர், இப்படி எந்தத் தலையானாலும் கூசாமல் கை வையுங்கள்.

மூன்றாவதுதான் கடினமானது. நீங்கள் சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள், துண்டும் போர்த்தியாகிவிட்டது. வாசலில் ஒரு தம்பி வருகிறான். அவனிடம் “இங்க வெட்டுறதில்லப்பா” என்று சொல்வது உங்கள் காதில் விழுகிறது. கடைக்காரர் அப்படிச் சொல்வது பெரும்பாலும் உங்களுக்குப் பயந்து. நீங்கள் எழுந்து, “முதல்ல அந்தத் தம்பிக்கு வெட்டுங்க, நான் காத்திருக்கேன்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையை நாற்காலியில் இருப்பவர்கள் சொல்லத் தொடங்கினால் கடைக்காரருக்குப் பயம் இருக்காது. அதற்குப் பிறகும் மறுத்தால், அந்தக் கடையில் நமக்கும் வேலை இல்லை. பாதி வெட்டிய தலையோடு வீட்டுக்குப் போங்கள். மீதியை வெட்டிக்கொள்ளத்தான் கற்றுக்கொண்டிருக்கிறோமே.